சேவ் ஆகவில்லையா? அந்த எட்டெழுத்துக் கோப்பை அழித்துவிடாதீர்கள்

பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை நடத்தும் தோழி நேற்று கேட்டாள்: "உங்க கடைக் கணக்கு வச்சிருக்கிற எக்செல் மென்பொருளையே நானும் வாங்கட்டுமா?" போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் துணிக்கடையின் இருப்பு, பாக்கி, தீபாவளி விற்பனை எல்லாம் 7 வருடமாக அந்த விரிதாளில்தான். கணக்குப் போடுவதில் ஒரு குறையும் இல்லை. பழைய கோப்பு வடிவில் 65,536 வரிசை, புதியதில் 1,048,576. எங்கள் கடைக்கு அது ஆயுசுக்கும் போதும்.

கோபமெல்லாம் சேமிப்பதில்தான். கணினி ரிப்பேராகி வந்த பிறகு, பொதுக் கோப்புறையில் எதைச் சேமித்தாலும் 'சேமிக்கப்படவில்லை' என்று ஒரே வரி. காரணம் சொல்லாது. வட்டில் இடம் இருந்தது, வேறு யாரும் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை. டெஸ்க்டாப்பில் போட்டால் மட்டும் உடனே ஏறியது. அப்போதுதான் புரிந்தது, கோளாறு கோப்பில் இல்லை, கோப்புறையில்.

இந்த மென்பொருள் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. பக்கத்தில் எட்டெழுத்துப் பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதும். பிறகு பழையதை நீக்கிவிட்டு, பழையதன் பெயரைப் புதியதற்கு வைக்கும். ரிப்பேர் செய்தவர், யாரும் தவறி எதையும் அழித்துவிடக் கூடாதே என்று எழுதும் அனுமதியை மட்டும் விட்டு, நீக்கும் அனுமதியை எடுத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுதியது எழுதியபடி பாதியில் நின்றது. நீக்கும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அதற்குள் மூன்று நாள் போயிருந்தது. கடை அடைக்கும் அவசரத்தில் அண்ணி அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டுக் கணினியை மூடியிருக்கிறார். கோப்புறையில் பெயருக்குப் பின்னொட்டே (.xlsx போன்றது) இல்லாத மூன்று எட்டெழுத்துக் கோப்புகள். டெஸ்க்டாப்புக்கு மாற்றி, குப்பை என்று இரண்டை நானே அழித்தேன். மூன்றாவதன் பெயருக்குப் பின்னால் புள்ளியும் எக்ஸ்எல்எஸ்எக்ஸும் சேர்த்துத் திறந்தால், சனிக்கிழமை விற்பனை முழுதும் ஒரு ரசீது குறையாமல் இருந்தது! அந்த நிமிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இருந்தாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீக்க அனுமதி இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். 7 வருடக் கணக்கு உள்ளே இருப்பதால் நான் மாறப் போவதில்லை. அழித்த அந்த இரண்டு நாள் பாக்கியை அண்ணியும் நானும் இன்னும் காகித ரசீதுகளை வைத்துத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.