ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த அனுபவம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2019 ஜூனில் மகனைச் சேர்த்தோம். அவன் ஐந்தாவது முடித்துவிட்டு இப்போது பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகிறான். மகள் இங்கேயே மூன்றாம் வகுப்பு. ஒரு தலைமையாசிரியர், ஒரு டீச்சர், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள். இவ்வளவு சின்னப் பள்ளியில் சேர்க்கலாமா, கடன் வாங்கியாவது வேனில் டவுனுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் பாயில் உட்காருகிறார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்ப்பதில்லை; பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததில் என் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே மறந்திருந்தது. 2021 கடைசியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் எங்கள் தெருத் திண்ணையிலேயே ஒரு தங்கச்சி சொல்லிக் கொடுத்தாள். மீதியை டீச்சர் பார்த்துக்கொண்டார். இன்று தமிழ் சரளமாக வாசிக்கிறான். ஆங்கிலம் எழுதுவான், பேச வராது. இது இந்தப் பள்ளியின் உண்மையான குறை.

அதைவிடப் பெரிய குறை, இரண்டே ஆசிரியர்கள் என்பது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான். ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அந்த நாட்களில் படிப்பு நடக்காது, வராந்தாவில் கதையும் பாட்டும்தான். விளையாட்டுக்கோ பாட்டுக்கோ தனி ஆசிரியர் கிடையாது. கழிப்பறை சுத்தமும் அப்படி இப்படித்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் அதிகம் பேசிய விஷயமே அதுதான். அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர், தலைவியும் ஒரு அம்மா. 2022இல் குழுவைப் புதிதாக அமைத்தபோது நானும் சேர்ந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு முடிகிற வேலை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர்த் தொட்டியைக் கிராம சபையில் கேட்டு வாங்கியது அந்தக் குழுவில் இருந்த அம்மாக்கள்தான்.

சாப்பாட்டைப் பற்றித் தயங்காமல் சொல்வேன், நன்றாக இருக்கிறது. மதியச் சத்துணவும் முட்டையும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 ஆகஸ்டில் காலை உணவும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சாம்பாரோடு. சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. ரொம்ப நல்ல விதி. தன் பிள்ளை உட்காரும் வரிசைக்கு ஆக்கிப் போடுகிறவர் அரிசியில் கல் பார்க்காமல் விடமாட்டார். நடவு, களையெடுப்பு என்று விடியற்காலையிலேயே கிளம்பிப் போகிற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஊரில் இருந்தால்தான் தெரியும்.

சரி, விழாக்களுக்கு வருகிறேன். ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், ஆகஸ்ட் 15, நவம்பர் 14, பொங்கல், ஜனவரி 26, அப்புறம் மூன்றாம் பருவத்தில் ஆண்டு விழா. பெரிய பள்ளிகளில் நன்றாக ஆடுகிற பத்துப் பிள்ளைகள் மேடையேறுவார்கள், மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். இங்கே ஆளே இல்லாததால் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நிகழ்ச்சியில் இருக்க வேண்டும். திக்கிப் பேசுகிற ஒரு பையன் நாடகத்தில் ஊர்த் தலைவராக நடித்தான். அவனுக்காக டீச்சர் வசனங்களை நாலு நாலு சொல்லாக வெட்டிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒருவனுக்காக இப்படி உட்கார்ந்து வசனம் எழுத யாருக்கு நேரம் இருக்கும்? நடன உடை வாடகை மட்டும் கூலி வேலை செய்கிற வீடுகளுக்குப் பாரமாக இருந்தது. குழுவில் பேசி, இப்போது வீட்டில் இருக்கிற பாவாடை சட்டை, வேட்டி துண்டோடு ஆடுகிற பாட்டுகளாகவே தேர்ந்தெடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது கல்விச் சீர். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகிற மாதிரி, ஊரே சேர்ந்து பள்ளிக்குச் சீர் கொண்டுபோவது. மேளத்தோடு ஊர்வலம். ஆண்கள் பீரோவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தூக்கி வருவார்கள். பெண்கள் கையில் தாம்பாளம். தேங்காய் பழத்தோடு நோட்டு, பென்சில் டப்பா, சுவர்க் கடிகாரம், வாளி, குடம். பேரன் பேத்தி யாரும் பள்ளியில் இல்லாத ஒரு அப்பத்தா, முந்தானையில் முடிந்துவைத்த காசில் சாக்பீஸ் பெட்டி வாங்கி, அதற்கும் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் டீச்சர் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்றார்.

ஆனால் முதல் வருடம் அது சுலபமாக நடக்கவில்லை. ஊர்வலம் எந்தக் கோயிலில் இருந்து கிளம்புவது, எந்தத் தெரு வழியாகப் போவது என்று பேச்சு வந்தது. ஒரு தெருக்காரர்கள் தட்டோடு நேரே பள்ளிக்கு வந்துவிடட்டும் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். குழுவில் அந்தத் தெரு அம்மாக்களும் இருந்தார்கள். அப்படியானால் சீரே வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள். நாங்களும் அவர்கள் பக்கம்தான் நின்றோம். மூன்று கூட்டம் பேசி, ஊராட்சி அலுவலகத்தில் கிளம்பி எல்லாத் தெருவும் சுற்றிப் பள்ளிக்கு வருவது என்று முடிவானது. இப்போதும் அதே வழிதான். எங்கள் ஊர்த் திருவிழாவில் இன்னும் நடக்காதது இது. பள்ளிக்காக நடந்தது. தமிழ் எழுத்தும் வாய்ப்பாடும் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இந்த ஊர்வலத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் கைகோத்து நடந்ததை என் பிள்ளைகளுக்கு எந்த வேன் பள்ளியும் கொடுத்திருக்காது.

யாருக்கு ஒத்துவரும்? வீட்டில் ஒருவராவது மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்குள் போய்ப் பேச முடியும் என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். பேச்சு ஆங்கிலம் உடனே வேண்டும் என்றால் ஏமாற்றமாக இருக்கும். ஐந்தாவதுக்குப் பிறகு பஸ் வசதியையும் இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனித்தால் போதும்.