பெயரா, திறனா, இரண்டும் வேண்டாமா? உலாவி வேறுபாடுகளைக் கையாளும் மூன்று வழிகள்

ஒரே வலைப்பக்கம் எல்லா உலாவிகளிலும் ஒழுங்காக இயங்க வேண்டுமானால், அவற்றுக்கு இடையேயான வேறுபாடுகளை எப்படியாவது கையாண்டாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: உலாவியின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது, தேவையான வசதி இருக்கிறதா என்று சோதித்து முடிவெடுப்பது, எதையும் கேட்காமல், வசதி இல்லாத இடத்திலும் உடையாதபடி பக்கத்தை எழுதுவது. என் தேர்வு மூன்றாவது. அது எட்டாத இடத்தில் இரண்டாவதை நாடலாம். முதலாவதை மிக அரிதான நிலையில்தான் ஏற்க முடியும்.

பெயர் பார்ப்பவர்கள் நம்பியிருப்பது, ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவி அனுப்பும் யூசர் ஏஜென்ட் என்ற ஒற்றை வரியை. விண்டோஸ் கணினியில் குரோம் அனுப்பும் வரி 'மொசில்லா/5.0' என்று தொடங்கி, 'ஆப்பிள்வெப்கிட்', 'கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ' என்றெல்லாம் சொல்லிவிட்டு, 'குரோம்' என்று தன் பெயரைச் சொல்லி, இறுதியில் 'சஃபாரி/537.36' என்று முடிகிறது. 1990களில், ஒரே சாளரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி கொண்ட பக்கங்களைச் சில தளங்கள் 'மொசில்லா' என்று சொல்லும் நெட்ஸ்கேப்புக்கு மட்டுமே அனுப்பின. அதே வசதி கொண்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பக்கத்தைப் பெறுவதற்காக அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. பின்னால் வந்த உலாவிகள் பலவும் முன்னவற்றின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனதால், இன்று அந்த வரியில் உண்மையைவிட வரலாறே அதிகம்.

2009இல் ஓபெரா 10 வெளிவந்தபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் அதை ஓபெரா 1 என்று எடுத்துக்கொண்டன. அதனால் அந்த உலாவி தன்னை 9.80 என்றே அறிவித்துவிட்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் தனியே சேர்க்க வேண்டியதாயிற்று. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஐபேடின் சஃபாரி, மேக் கணினி போலவே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. 'ஐபேட்' என்ற சொல்லைத் தேடித் தொடுதிரைப் பொத்தான்களைப் பெரிதாக்கிய பக்கங்கள் அன்றோடு ஏமாந்தன. அங்கே அறிய வேண்டியிருந்தது கருவியின் பெயரே அல்ல. பயனர் விரலால் தொடுகிறாரா என்பதுதான். அதைச் சொல்ல 'பாயின்டர்: கோர்ஸ்' என்ற மீடியா குவெரி, அதாவது கருவியின் தன்மையைக் கேட்கும் நிபந்தனை, வலைத் தரத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது வழி இந்த ஏமாற்றத்தைப் பெருமளவு தவிர்க்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், ஒரு வசதி உண்டா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதி, பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளோ செயற்கூறோ இருக்கிறதா என்ற சோதனை ஆகியவை நாளை வெளிவரும் உலாவிக்கும் பொருந்தும். ஆனால் இந்தச் சோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கட்டங்களுக்கு இடையே இடைவெளி விடும் 'கேப்' பண்பை எடுத்துக்கொள்வோம். பெட்டிகளை வரிசை, நிரல் என இரு திசையிலும் அடுக்கும் கிரிட் அமைப்பில் அது முன்பே வேலை செய்தது; ஒரே திசையில் அடுக்கும் ஃபிளெக்ஸ் அமைப்பிலோ குரோமுக்கு 2020இலும் சஃபாரிக்கு 2021இலும்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'கேப் தெரியுமா' என்று கேட்டால், கிரிட்டை மனத்தில் வைத்து உலாவி 'தெரியும்' என்றது. ஃபிளெக்ஸில் போட்டால் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. சரியான விடை வேண்டுமென்றால், ஜாவாஸ்கிரிப்ட் மூலம் செங்குத்தான ஃபிளெக்ஸ் பெட்டி ஒன்றை உருவாக்கி, உள்ளே இரண்டு வெற்றுப் பெட்டிகளை வைத்து, 1 பிக்சல் இடைவெளி கொடுத்து, மொத்த உயரம் 1 ஆகிறதா என்று அளக்க வேண்டியிருந்தது. வசதி இருப்பதாக உலாவி ஒப்புக்கொள்வதைவிட, அது செயல்படுவதை அளந்து பார்ப்பதே நம்பகமானது.

மூன்றாவது வழிக்கு அடித்தளம் தரங்களிலேயே போடப்பட்டிருக்கிறது. தனக்குப் புரியாத சிஎஸ்எஸ் அறிவிப்பை உலாவி விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, திரையின் முழு உயரத்தைக் குறிக்க முதலில் '100விஎச்' என்றும், கைபேசி உலாவியின் பட்டைகள் மறைவதற்கேற்ப மாறும் உயரத்தைக் குறிக்க அடுத்த வரியில் '100டிவிஎச்' என்றும் எழுதினால், 2022இல் பரவலான இந்தப் புதிய அலகை அறிந்த உலாவி இரண்டாவதையும், அறியாதது முதலாவதையும் எடுத்துக்கொள்ளும். தேதி கேட்கும் உள்ளீட்டு வகை தெரியாத உலாவி சாதாரண எழுத்துப் பெட்டியைக் காட்டும்; படிவம் நிற்காது. 'பிக்சர்' குறியில் ஒரே படத்தை ஏவிஐஎஃப், வெப்பி, ஜேபெக் ஆகிய கோப்பு வடிவங்களில் அடுக்கினால், தனக்கு ஏற்ற முதல் படத்தை உலாவியே தேர்ந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது. அறியாத தொடரமைப்பு ஒன்று வந்தாலே முழுக் கோப்பும் நின்றுவிடும் என்பதால், பக்கத்தின் இன்றியமையாத வேலைகளை அதன் அடிப்படைக் குறிமொழியான எச்டிஎம்எல்லில் வைத்துவிட்டு ஸ்கிரிப்டை மேலதிகமாகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

அப்படியென்றால் பெயர் பார்ப்பது எப்போது சரி? 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80, பிற தளங்களுக்குள் இயங்கும் குக்கீகளில் (தளம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தரவுகளில்), 'பிற தளங்களிலிருந்தும் அனுப்பலாம்' என்று பொருள்படும் 'சேம்சைட்=நன்' என்ற குறிப்பைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஆனால் ஐஓஎஸ் 12இலும் மேக்ஓஎஸ் 10.14இலும் இருந்த சஃபாரி அதே குறிப்பை 'மிகக் கண்டிப்பு', அதாவது பிற தளங்களிலிருந்து அனுப்பவே கூடாது, என்று தலைகீழாகப் புரிந்துகொண்டது. குக்கீயை அமைக்கும் சேவையகத்தால் உலாவியின் திறனைச் சோதிக்க முடியாது. குறிப்போடு ஒன்று, குறிப்பின்றி ஒன்று என இரண்டு குக்கீகளை அனுப்பிவிட்டு, திரும்பி வருவதைப் படித்துக்கொள்வது அங்கும் மூன்றாவது வழியாக இருந்தது. குக்கீகள் குறைவாக உள்ள தளத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். அவை ஏராளமாக இருந்து, இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு கோரிக்கையும் கனத்துவிடும் தளத்தில், பழுதுள்ள அந்தப் பழைய பதிப்புகளை மட்டும் பெயர் சொல்லி விலக்குவதில் தவறில்லை. ஏனெனில் அந்தப் பட்டியல் மூடப்பட்டது. இனி வரும் எந்த உலாவியும் அதில் சிக்காது.