முதியோர் இல்லம்: எல்லாம் சரி, அம்மாவின் கைலி எங்கே?

"அம்மாவை இல்லத்தில் சேர்க்கலாம்னு இருக்கேன். உங்க அம்மா இருக்கிற இடம் எப்படிண்ணே?" என்று சுங்கைப் பட்டாணி தம்பி ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அந்த வாரம்தான் மாதக் கட்டணத்தில் 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஏற்றியிருந்தார்கள். பேம்பர்ஸ் காசு தனி.

பக்கத்துப் பீடோங்கிலேயே அரசாங்கத்தின் முதியோர் இல்லம், ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறதே என்பார்கள். அது 60 வயதுக்கு மேல், பார்த்துக்கொள்ள வாரிசு இல்லாதவர்களுக்கு. பிள்ளைகள் இருந்தால் தனியார் இடம்தான். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்த சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரசீதும் முக்கியம். டாக்டர் சான்று இருந்தால் பெற்றோர் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு.

எங்கள் இடத்தில் இந்த இரண்டிலும் குறையில்லை. என் பிரச்சினை துணி.

எல்லார் துணியும் ஒரே மெஷினில் போகிறது. காய்ந்ததும் ஒரே குவியல். அளவு பார்த்து ஆளுக்கு ஒன்றாகக் கட்டிலில் வைத்துவிடுகிறார்கள். மார்க்கரில் அம்மா பேரை எழுதினேன், வெளுத்தது. தங்கச்சி ரவிக்கை ஓரத்தில் சிவப்பு நூல் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அந்தச் சிவப்பு நூல் ரவிக்கையோடு பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜிப் வைத்த வலைப்பை வாங்கிக் கொடுத்தேன். பையைத் திறந்து, துணியைக் குவியலில் கொட்டி, பையைத் தனியாகத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்!

கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டப் போன காலத்திலும் காற்சட்டை போடாத அம்மா, இப்போது பூப்போட்ட சீனக் காற்சட்டையில் மின்னல் எஃப்.எம். கேட்கிறார். "என் கைலிய அவ கட்டினா கட்டிட்டுப் போறாடா. இது காத்தோட்டமா இருக்கு" என்கிறார். தங்கச்சி சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலாளரிடம் சொன்னால் "சரி சார், சரி சார்." அதோடு சரி.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முதுகில் ஒரு புண் வரவில்லை. அங்கு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ராத்திரியிலும் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தாள். "நேனேக் (பாட்டி), பசியாறு" என்று அவள் தமிழும் மலாயும் கலந்து கூப்பிட்டால்தான் அம்மா வாய் திறப்பார். நான் ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் எங்களால் இப்படிப் பார்த்திருக்க முடியாது.

ஆனாலும் தம்பிக்கு, "வேண்டாம், வேற இடம் பாருங்க" என்றுதான் பதில் போட்டேன். கட்டணத்தை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு கூடை வைக்கத் தெரியவில்லையே. அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். மாற்ற மாட்டேன்.