பழைய ஹைலக்ஸுக்கு 52 மில்லிமீற்றர் மீற்றர் செற்: வாங்கலாமா?

திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் மூன்று மீற்றர் செற், அதாவது தண்ணிச்சூடு, ஒயில் பிரஷர், வோல்ற், பழைய டீசல் பிக்கப்புக்குப் போதும். அம்பியர் மீற்றரை மட்டும் தவிருங்கள். முழுக் கரண்டும் டாஷ்போட்டுக்குள் வந்து போகும், வயர் உரசினால் நெருப்புத்தான். வோல்ற் மீற்றருக்கு ஒரு சின்ன பியூஸ் போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டினால் சார்ஜ் சரி.

செற்றின் பலவீனம் ஒயில் சென்சரின் மரை. பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), அங்குலத்துக்கு 27 மரை. ரொயோற்றா புளொக்கில் இருப்பது 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), 28 மரை. இரண்டு சுற்று இலகுவாகப் போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் புளொக் மரை போய்விடும். இரண்டு மரையையும் இணைக்கும் அடப்ரர் வாங்குங்கள். ஒற்றை வயர் சென்சருக்கு ஏர்த் கிடைப்பது மரை வழியாகத்தான், ரெஃப்லோன் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் முள் தாறுமாறாக ஆடும்.

எரிபொருள் மீற்றரை இதே செற்றில் மாற்ற நினைத்தால் முதலில் தொட்டி மிதவையை மல்டிமீற்றரால் அளவிடுங்கள். ஜப்பான் வண்டிகளில் தொட்டி நிறையும்போது மிதவையின் ஓம் (மின்தடை) குறையும், விடிஓ (ஜெர்மன் மீற்றர் பிராண்ட்) வகை மீற்றர்கள் பலவற்றில் நிறையும்போது ஓம் கூடும். பொருந்தாவிட்டால் தொட்டி காலியாக இருக்கையில் முள் நிறைவைக் காட்டும். ஹபரணை வீதியில் நடுக்காட்டில்தான் அது தெரியவரும்!

நிலாவெளிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றுக்கு ஏர்த் முனைகள் பச்சை பிடிக்கும். சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்குங்கள்.