ஸ்பினோசாவ தேடிப் போயி கமிட்டி கணக்குல மாட்டிக்கிட்டேன் – ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகம், ஒரு ரிவ்யூ

முதல்ல ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. ஒண்ணு ஏன் கொறச்சேன்னு கீழ வரும், ஆனா அதுவும் பாதி என் தப்புதான்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு சொந்தமா ஒரு ஆவணக் காப்பகம் இருக்கு, டச்சுல ஸ்டாட்ஸ்ஆர்க்கீஃப்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள 334-ஆம் நம்பர் தொகுப்புதான் நான் இங்க ரிவ்யூ பண்றது. அது என்னன்னா, ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் கட்டாயமா மதம் மாத்தப்பட்ட யூதர்களோட வாரிசுங்க 16-ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து திரும்பவும் யூதர்களா வாழ ஆரம்பிச்சாங்க இல்லயா, அவங்க நடத்துன சமூக அமைப்போட பேப்பர்கள். கமிட்டி தீர்மானம், வரி வசூல், ஏழைகளுக்கு குடுத்த பணம், கல்யாண உதவி, ஃபைன், சண்டை, சமரசம் எல்லாம். 1614-ல ஆரம்பிச்சு 1870 வரைக்கும் ஒழுங்கா பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, எத்தன ஊர்ல இப்படி ஒரு சங்கத்தோட நோட்டு 400 வருஷம் கழிச்சு கிடைக்கும் சொல்லுங்க, நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல போன வருஷத்து மினிட்ஸ் கேட்டாலே தலைய சொறியறாங்க.

கட்டடத்தப் பத்தி சுருக்கமா. வைசல்ஸ்ட்ராட்ல இருக்கு, பேரு டி பாசல், கட்டுன ஆர்க்கிடெக்ட்டோட பேருதான். 1926-ல ஒரு பெரிய வியாபாரக் கம்பெனிக்காக கட்டி முடிச்சது, அப்புறம் பேங்க், 2007-ல இருந்து காப்பகம். வெளிய பாத்தா கலர் கலரா அடுக்கடுக்கா இருக்கறதால ஊர்க்காரங்க ‘ஸ்பெக்கூக்’னு கூப்பிடுவாங்க, அது இந்தோனேசியாவுல இருந்து வந்த அடுக்கு கேக். கீழ பழைய பேங்க் லாக்கர் அறையத்தான் கண்காட்சி ஆக்கி வச்சிருக்காங்க. படிக்கற அறைக்கு பைய லாக்கர்ல வச்சிட்டு பென்சிலோட போகணும். ஆனா உண்மைய சொல்லணும்னா அங்க போக வேண்டிய அவசியமே பெருசா இல்ல, ஏன்னா ஸ்கேன் பண்ணி ஏத்துன நோட்டோட ஒரிஜினல பொதுவா கையில தர மாட்டாங்க, அதையே வீட்ல சோஃபால படுத்துக்கிட்டு பாத்துக்கலாம், ஃப்ரீ. பதிவுக் கட்டணம் சந்தா ஒண்ணும் இல்ல. இந்த ஒரு விஷயத்துக்கே ரெண்டு ஸ்டார்.

இப்ப என் கதை. தத்துவ கிளாஸ்ல எப்பவோ படிச்ச ஸ்பினோசா, இதே சமூகத்துல பொறந்த 17-ஆம் நூற்றாண்டு தத்துவவாதி, அவர ஊர விட்டு தள்ளி வச்ச தீர்மானம் இந்த நோட்டுலதான் இருக்குன்னு தெரிஞ்சதும் சர்ச் பாக்ஸ்ல அவர் பேர அடிச்சேன். எதிர்பாத்தது வரல. வேற ஸ்பெல்லிங்ல அடிச்சேன், எவனோ 19-ஆம் நூற்றாண்டுக்காரன் வந்து நிக்கறான். ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் முழுசா போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது இங்க கூகுள்ல தேடற மாதிரி தேடக்கூடாது, நோட்டுக்குள்ள இருக்கற வரி எதையும் அந்த சர்ச் படிக்கறதில்ல, பட்டியல திறந்து எந்த நோட்டு எந்த வருஷம்னு பாத்து, அந்த நோட்ட திறந்து, பக்கம் பக்கமா புரட்டணும். பட்டியல் டச்சுல இருக்கும். பிரவுசர்ல மொழிபெயர்ப்பு போட்டா ‘சம்பந்தமான ஆவணங்கள்’, ‘சம்பந்தமான ஆவணங்கள்’னு வரிசையா வந்து தூக்கம் வரும், பரவால்ல சமாளிக்கலாம். நீங்க தேட வேண்டியது 19-ஆம் நம்பர் நோட்டு, 1638-லருந்து 1680 வரைக்கும் அந்த சமூகத்த நடத்துன போர்டு போட்ட விதிகளும் தீர்மானங்களும் அதுலதான் இருக்கு.

அந்தப் பக்கத்த திறந்தப்ப நான் எதிர்பாத்தது என்னமோ சிவப்பு மையில சீல் வச்ச பத்திரம் மாதிரி. ஒண்ணுமில்லீங்க. மத்த பக்கம் மாதிரியே பழுப்பு மையில போர்ச்சுகீஸ்ல எழுதியிருக்கு, மேல தலைப்பு மாதிரி ‘ஆப் மாசம் 6-ஆம் தேதி மேடையில படிச்ச ஹேரெம், பாரூக் எஸ்பினோசாவுக்கு எதிரா’ன்னு அர்த்தம் வர ஒரு வரி, அவ்ளோதான். ஆப்ங்கறது யூத மாசம், ஹேரெம்னா ஊர்விலக்கு. 27 ஜூலை 1656, அவருக்கு அப்ப 23 வயசு. யாரும் அவர்கூட வாய் வார்த்தையாவோ எழுத்துலயோ பேசக்கூடாது, உதவி செய்யக்கூடாது, ஒரே கூரைக்கு கீழ இருக்கக்கூடாது, நாலு முழத்துக்கு உள்ள நெருங்கக்கூடாது, அவர் எழுதுன எதையும் படிக்கக்கூடாது. நாலு முழம்! மல்லிப்பூ வாங்கற அளவு. இதுல செம விஷயம் என்னன்னா அவர் அப்படி என்னதான் சொன்னாரு செஞ்சாருன்னு ஒரு வார்த்த கிடையாது, பயங்கரமான கருத்துகள், கொடூரமான செயல்கள், நாங்களும் எவ்ளவோ சொல்லிப் பாத்துட்டோம், சாட்சி இருக்கு, அவ்வளவே. கமிட்டி மினிட்ஸ் எழுதறவங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல, சண்டை எதுக்குன்னு எழுதாம முடிவ மட்டும் எழுதி வச்சிடறாங்க, பின்னாடி வர்றவன் மண்டைய உடைச்சுக்கணும்.

இன்னொன்னு, டூரிஸ்ட்டா வர்றவங்க நெறைய பேரு இப்ப இருக்கற பெரிய போர்ச்சுகீஸ் யூத ஜெபாலயத்துல நின்னு இங்கதான் ஸ்பினோசாவ தள்ளி வச்சாங்கன்னு ஃபீல் பண்றாங்க. அது திறந்தது 1675-ல. இந்த தீர்மானம் படிச்சது அதுக்கு முன்னாடி ஹவுட்கிராக்ட்னு ஒரு கால்வாய் ஓரமா இருந்த பழைய ஜெபாலயத்துல. கால்வாய மூடி இப்ப அந்த இடம் வாட்டர்லோ சந்தை.

சரி, ஸ்பினோசா பக்கம் பாத்தாச்சு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு, மூடிடலாம்னுதான் நெனச்சேன். சும்மா பின்னாடி புரட்டுனேன் பாருங்க, அங்கதான் மாட்டுனேன். ஏன்னா அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் எல்லாரும் வர்றாங்க, ஆனா இந்த சர்வீஸோட மதிப்பு மத்த பக்கத்துலதான் இருக்கு.

போர்டுக்கு பேரு மஹமாத். ஆறு பர்னாஸ், அதாவது நிர்வாகிங்க, ஒரு கஜானாக்காரர், அவருக்கு கபாய்னு பேரு, மொத்தம் ஏழு பேர். ஓட்டெல்லாம் கிடையாது, போறவங்களே வர்றவங்கள தேர்ந்தெடுப்பாங்க. முன்னாடி மூணு தனித்தனி சபையா இருந்தத 1639-ல ஒண்ணாக்கி தால்மூத் தோராங்கற ஒரே சபையா மாத்துனாங்க, அப்ப போட்ட ஒப்பந்தத்துல 42 விதி, அதுல போர்டு சொல்றதுதான் கடைசி வார்த்த, மறுபேச்சு கூடாது. ஜெபாலயத்துக்குள்ள ஆயுதம் எடுத்துட்டு வரக்கூடாது, கை நீட்டக்கூடாதுன்னு கூட விதி இருக்கு, விதி இருக்குன்னா யாரோ எப்பவோ கை நீட்டியிருக்கான்னு அர்த்தம். ரபிங்க, அதாவது யூத மதகுருங்க, எல்லாம் இவங்க கிட்ட சம்பளம் வாங்குற ஆளுங்க. இணைப்பு நடந்தப்ப தலைமை ரபி மோர்த்தெய்ராவுக்கு வருஷத்துக்கு 600 கில்டர் (அப்ப இருந்த டச்சு காசு), இன்னொரு ரபி மெனாசே பென் இஸ்ரேலுக்கு 150. மெனாசே சாதாரண ஆள் இல்ல, ஹீப்ரு அச்சகம் நடத்துனவர், பின்னாடி அப்ப இங்கிலாந்த ஆண்ட கிராம்வெல் கிட்ட போயி யூதர்கள இங்கிலாந்துக்குள்ள விடுங்கன்னு கேட்டவர், அவருக்கு கால்வாசி சம்பளம். 1640-ல அவர் குடும்பத்துக்காரர் ஒருத்தர் விஷயமா போர்டோட மோதி, அவரையே ஒரு நாள் தள்ளி வச்சாங்க. ஒரே ஒரு நாள். சஸ்பென்ஷன் மாதிரி.

அதனால ஹேரெம்னா ஸ்பினோசாவுக்குன்னு ஸ்பெஷலா செஞ்ச ஆயுதம்னு நெனைக்காதீங்க, குடுக்க வேண்டிய காச குடுக்கல, போர்ட திட்டுனான், வெளி கசாப்புக்காரன்கிட்ட கறி வாங்குனான்னு எதுக்கெல்லாமோ அத எடுத்திருக்காங்க, பெரும்பாலும் மன்னிப்பு கேட்டு ஃபைன் கட்டிட்டு திரும்ப வந்துருவாங்க. ஸ்பினோசா விஷயத்துல வித்தியாசம் அவர் திரும்பி வரலங்கறதுதான்.

எனக்கு ரொம்ப நெருக்கமா பட்ட விஷயம் ஸ்பினோசாவோட அப்பா. மிக்கேல், வியாபாரி, அவரே 1649-50-ல அந்த ஏழு பேர்ல ஒருத்தர். 1654 மார்ச்ல போயிட்டாரு. பையன் பேரு அதுக்கப்புறம் கணக்குல வருது. வியாபாரத்து மேல ஒரு வரி, சொத்து மேல ஒரு வரி, அதுபோக ஜெபாலயத்துல நேர்ந்துக்கற காணிக்க. அப்பா செத்த புதுசுல ஒழுங்கா கட்டுறவரு போகப் போக கொறஞ்சு கொறஞ்சு நாலணா எட்டணாங்கற மாதிரி ஆயிடுது. வியாபாரம் படுத்ததாலயா, நம்பிக்க போனதாலயா, கணக்குப் புத்தகம் சொல்லாது. ஒரே அலமாரில அப்பா போர்டு மெம்பர், ஆறு வருஷம் தள்ளி புள்ளைக்கு ஊர்விலக்கு. பெரிய பெரிய வாழ்க்க வரலாறுல படிச்சப்ப வராத ஒரு இது அந்த பத்தி பத்தியா கோடு போட்ட கணக்குல வந்துச்சு.

கணக்குன்னு சொன்னதும் இன்னொரு வரிசை நோட்டு, இது அதே சமூகத்தோட தனி சங்கம், சுருக்கமா தோத்தார்னு சொல்லுவாங்க. 1615-ல ஆரம்பிச்சது. அநாதப் பொண்ணுங்க, ஏழைப் பொண்ணுங்களுக்கு வரதட்சண பணம் குடுக்கற சங்கம். விண்ணப்பம் வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவ சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்குன்னு எடுப்பாங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருக்கணும்னு கூட இல்ல, பிரான்ஸ்ல வெளிய கிறிஸ்தவங்களா இருந்துகிட்டு இருக்கற சொந்தக்காரப் பொண்ணும் விண்ணப்பிக்கலாம், யூதரா கல்யாணம் பண்ணிக்கணும் அவ்ளோதான். மெம்பர்ஷிப் அப்பாவுக்கு அப்புறம் புள்ளைக்கு போகும். சீட்டுல பேரு வராத பொண்ணு அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கும், அதுக்கடுத்த வருஷமும். நம்ம வீட்டுப் பாட்டிங்க யாராச்சும் இத கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாங்க.

பதவி விஷயமும் சிரிப்பா இருந்துச்சு. நம்மூர்ல தர்மகர்த்தா பதவிக்கு கோர்ட்டு வரைக்கும் போறாங்க, இங்க தேர்ந்தெடுத்தப்புறம் வேணாம்னா ஃபைன். லண்டன்ல பெவிஸ் மார்க்ஸ் ஜெபாலயமும் இதே போர்ச்சுகீஸ் பாணில நடந்ததுதான், அங்க 1813-ல ஐசக் டிஸ்ரேலிய நிர்வாகியா போட்டாங்க, முடியாதுன்னாரு, 40 பவுண்டு ஃபைன், அவரும் கட்டல, கடைசில சபைய விட்டே போயி 1817-ல புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாரு. அந்த புள்ளைங்கள்ல ஒருத்தர்தான் பின்னாடி பிரிட்டிஷ் பிரதமர் ஆன பெஞ்சமின் டிஸ்ரேலி. யூதர்கள் பார்லிமென்ட்டுக்குள்ள உக்கார 1858 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, இவர் அதுக்கு 20 வருஷம் முன்னாடியே உள்ள போயிட்டாரு. ஒரு 40 பவுண்டு.

நம்ம பக்கத்து தொடர்பு இல்லாமலும் இல்ல. சென்னை பவளக்காரத் தெரு, அந்தப் பேரே இந்த போர்ச்சுகீஸ் யூத வியாபாரிங்க ஐரோப்பாவுல இருந்து பவளம் கொண்டாந்து கோல்கொண்டா வைரம் வாங்கிட்டுப் போன காலத்தோடதான். 1688-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சப்ப 12 ஆல்டர்மேன்ல, அதாவது நகரசபை மெம்பர்ல, மூணு பேரு யூதர்கள். அதே சமயத்துல ஆம்ஸ்டர்டாம்ல இருந்து மோசஸ் பெரேரா டி பைவான்னு ஒருத்தர் கொச்சி யூதர்கள போயி பாத்துட்டு வந்து 1687-ல போர்ச்சுகீஸ்ல ஒரு சின்ன புத்தகமே போட்டாரு. பாரிஸ் கார்னர்ல எத்தன தடவ அந்தத் தெரு வழியா போயிருக்கேன், ஒரு நாளாச்சும் யோசிச்சேனா.

இப்ப குறை. ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான். படம் குடுக்கறாங்க, படிக்க உதவி கிடையாது. 17-ஆம் நூற்றாண்டு போர்ச்சுகீஸ் கையெழுத்து, நடுவுல ஹீப்ரு வார்த்த, சுருக்கெழுத்து வேற, ‘உங்கள் கருண’ங்கற மரியாத சொல்ல ரெண்டு மூணு எழுத்துல சுருட்டி வச்சிருக்காங்க, அத கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள். போர்ச்சுகீஸ் தெரிஞ்ச பிரேசில்கார கலீக் கிட்ட காட்டுனேன், அவனே பாதிக்கு மேல தெணறிட்டான். அப்புறம் தேதி. எல்லாம் யூத வருஷம், 5416 அப்படின்னு. அதுல 3760 கழிச்சா 1656. ஆனா அவங்க வருஷம் செப்டம்பர் அக்டோபர்ல பொறக்கறதால அங்கருந்து டிசம்பர் வரைக்கும் 3761 கழிக்கணும். இது தெரியாம நான் ஒரு கணக்க ஒரு வருஷம் தள்ளி எழுதி வச்சு, அப்பா செத்ததுக்கு அப்புறமும் வரி கட்டுறாரேன்னு பேய்க்கதையெல்லாம் யோசிச்சேன். ஸ்கேன் இல்லாத நோட்டுக்கு ரிக்வெஸ்ட் போடலாம், ஆனா காத்திருக்கணும், கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க.

படிக்கறப்ப ஒண்ணு மனச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. 1940-45-ல நாஜிங்க நெதர்லாந்து யூதர்கள்ல பெரும்பாலானவங்கள கொன்னுட்டாங்க, இந்த சமூகத்தோட எட்ஸ் ஹைம் லைப்ரரிய, 1616-ல ஆரம்பிச்சது, அப்படியே ஜெர்மனிக்கு தூக்கிட்டுப் போனாங்க, போருக்கு அப்புறம் புத்தகம் திரும்பி வந்துச்சு. ஆளுங்க வரல. வரி கட்டுன அதே குடும்பப் பேருங்க 250 வருஷம் நோட்டுல திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கும், அது எங்க போயி நிக்கும்னு நமக்கு தெரிஞ்சே புரட்டறோம்.

மஹமாத் இன்னும் இருக்கு. 2021-ல ஸ்பினோசாவ ஆராய்ச்சி பண்ற ஒரு பேராசிரியர் ஜெபாலயத்துக்குள்ள வீடியோ எடுக்க அனுமதி கேட்டாரு, அங்கத்த ரபி, தள்ளி வச்சது தள்ளி வச்சதுதான், நீங்களும் உள்ள வரக்கூடாதுன்னு லெட்டர் போட்டுட்டாரு, பெரிய நியூஸ் ஆச்சு. உடனே போர்டு, இத எங்ககிட்ட கேக்காம போட்டாரு, நீங்க வரலாம்னு சொல்லிடுச்சு. 1656-லயும் முடிவு போர்டோடதுதான், ரபியோடது இல்ல. அந்த லெட்டரும் எந்த நோட்டுல போயி சேரும்னு பாக்கணும், புது காலத்து ஃபைல்கள் எல்லாத்தையும் உடனே திறந்து விட மாட்டாங்க.

நான் இப்ப 1654 கணக்குல நிக்கறேன். பழைய போர்ச்சுகீஸ் கையெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ஃபில்டர் காபி என் செலவு.