முன் விங்கா, அடித்தளமா? மாணவர் ரேஸ் காருக்கு எது முதலில்?

எங்கள் கல்லூரி அணியின் காரில் பின் விங் (காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) ஏற்கெனவே இருந்தது. பின்சக்கரங்கள் சாலையை இறுகப் பிடித்தன. வளைவில் மூக்கு மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு போனது. அடுத்து முன் விங் செய்வதா, காரின் அடியில் டிஃப்யூசருடன் (பின்பக்கம் மேல்நோக்கி விரியும் பகுதி) அடித்தளம் அமைப்பதா? இரண்டுக்கும் பணமும் ஆளும் இல்லை. முன் விங்கைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அடித்தளத்தின் பெருமை தெரிந்ததுதான். அடியில் ஒடுங்கிப் பாயும் காற்றில் அழுத்தம் குறைந்து, கார் தரையோடு இழுக்கப்படுகிறது; விங்கைவிடக் காற்றுத் தடையும் குறைவு. 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 79 ஃபார்முலா 1 கார் இந்த வித்தையில் ஓடியதுதான். ஆனால் காற்றுத் தடை குறைவதன் பலன் நீண்ட நேர்பாதையில்தான் தெரியும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர் போட்டிக்காகக் கூம்புகள் வைத்து நெருக்கமாக அமைக்கும் பாதையில் அதற்கு அதிக வேலை இல்லை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி. அந்த லோட்டஸில் இருபுறமும் தரையை உரசியபடி ஏறி இறங்கும் ஸ்கர்ட்டுகள் (காற்றை மறிக்கும் பக்கத் தடுப்புகள்) இருந்தன. பக்கவாட்டில் காற்று உள்ளே கசிந்தால் காரைக் கீழே இழுக்கும் இழுவிசை போய்விடும். 2022இல் ஃபார்முலா 1 கார்கள் அடித்தளத்தால் காரைத் தரையோடு இழுக்கும் இந்த முறைக்கு, அதாவது கிரவுண்ட் எஃபெக்டுக்கு, மீண்டும் திரும்பியபோது நேர்பாதையிலேயே குதித்தன. தரையை நெருங்க நெருங்க இழுவிசை கூடி, ஒரு கட்டத்தில் காற்றோட்டம் அறுந்து கார் மேலெழும். எழுந்ததும் மறுபடி இழுக்கப்படும். அந்த வேகத்தை நாங்கள் எட்டுவதில்லை. ஆனால் நாங்கள் பயிற்சி எடுக்கும் வளாகச் சாலையில் வேகத்தடை, ஒட்டுப்போட்ட தார், மணல் எல்லாம் உண்டு. இடைவெளி நொடிக்கு நொடி மாறும் இடத்தில் அடித்தளத்தை நம்பி சஸ்பென்ஷனை எப்படிச் சரிசெய்வது?

முன் விங்கும் தரையை ஒட்டியே வேலை செய்கிறது. பிரேக் பிடித்து மூக்கு தாழ்ந்தால் அதன் குணமும் மாறும். ஆனாலும் தாங்கியில் போல்ட் துளையை மாற்றினால் உயரம் மாறிவிடும். அடிப்பரப்பில் கம்பளி நூல்களை ஒட்டி, தரையோரம் கேமரா வைத்தால் காற்று எங்கே பிரிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பழுதுபார்ப்பும் அப்படித்தான். முன் விங் கூம்பில் இடிக்கும். ஒரு கூம்புக்கு 2 விநாடி தண்டனையும் உண்டு. ஆனால் போல்ட்டுகளைக் கழற்றி மேசையில் வைத்து, விரிசலில் ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டி, மறுநாளே மாட்டிவிடலாம். மதுரை மே வெயிலில் ரெசின் கோப்பையிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அடித்தளத்துக்குக் காரையே தூக்கி நிறுத்த வேண்டும். ஓரம் தேய்ந்திருப்பதும் குனிந்து பார்க்காமல் தெரியாது.

அடித்தளத்துடன் நீண்ட தூர ஓட்டம் நாங்கள் ஓடியதில்லை. டயர் தேய்மானத்தில் எது நல்லது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சமமான பயிற்சித் தளமும், குலுங்காத கடினமான சஸ்பென்ஷனும், முன்பின் சமநிலையும் ஏற்கெனவே அமைந்த அணி என்றால் அடித்தளத்தில் தொடங்கலாம்.