எஸ்ஐஆர்என்ஏவைச் சுமக்க எது தோது: கைட்டோசானா, பிஇஐயா, பிஎல்ஜிஏவா?

தொண்டி, மண்டபம் பக்கம் நீலக்கால் நண்டின் சதையை எடுத்த பிறகு ஓடு குவிந்து கிடக்கும். அதிலிருந்து கைட்டோசான் என்ற பாலிமரை (நீள்சங்கிலி மூலக்கூறை) பிரித்து, மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏவைப் புற்றுச் செல்லுக்குள் அனுப்பலாமே என்ற ஆசை இந்தக் கரையில் எழுவது இயல்பு. ஆசைப்படலாம். ஆனால் மற்ற இரண்டு செயற்கைப் பாலிமர்களோடு, அதாவது பிஇஐ (பாலிஎத்திலீனிமைன்), பிஎல்ஜிஏ (லாக்டிக்-கிளைக்கோலிக் அமிலப் பாலிமர்) இவற்றோடு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு இறங்குவது நல்லது.

எஸ்ஐஆர்என்ஏ (siRNA) என்பது 21 முதல் 23 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்என்ஏ இரட்டை இழை. எடை சுமார் 13 கிலோடால்டன். வெறுமனே ரத்தத்தில் விட்டால் ஆர்என்ஏஸ் என்ற நொதி நறுக்கிவிடும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். எதிர்மின்னேற்றம் கொண்டதால் செல் சவ்வும் உள்ளே விடாது. ஆகவே சுமக்கும் பாலிமர் அதை இறுகக் கட்ட வேண்டும், செல்லுக்குள் கொண்டுபோக வேண்டும், செல் அதை விழுங்கி அடைக்கும் பையான எண்டோசோமிலிருந்து வெளியே வந்து அவிழ்த்துவிட வேண்டும். கடைசி வேலையில்தான் பலதும் தோற்கின்றன.

கட்டுவதில் கெட்டிக்காரன் 25 கிலோடால்டன் கிளைத்த பிஇஐ. 1 மைக்ரோகிராம் எஸ்ஐஆர்என்ஏவில் ஏறத்தாழ 3 நானோமோல் பாஸ்பேட் உண்டு. பாலிமரின் நைட்ரஜனுக்கும் ஆர்என்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம் 8 வேண்டுமென்றால் 1 மைக்ரோகிராம் பிஇஐ போதும். 85 சதம் அசெட்டைல் நீக்கிய கைட்டோசானில் ஒரு மோல் அமீனுக்கு (ஆர்என்ஏவைக் கட்டும் நைட்ரஜன் தொகுதிக்கு) 197 கிராம் எடை விழுகிறது. விகிதம் 50 வைத்தால் 30 மைக்ரோகிராம் தேவை. பிஇஐயை உப்புக் கரைசலில் எஸ்ஐஆர்என்ஏவோடு கலந்தால், இரண்டும் சேர்ந்து உருவாகும் துகள் நிமிடத்துக்கு நிமிடம் பருக்கும். 5 சத குளுக்கோஸில் கலந்து 20 நிமிடம் வைத்தால் சிறிதாகவே நிற்கும். அதன் பெரிய குறை நச்சுத்தன்மை: சவ்வைக் கிழிக்கும், உடலில் சிதையாது. ஆய்வகத்தில் ஒப்பீட்டு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மருந்தாக நம்ப முடியாது.

கைட்டோசான் சாது, ஆனால் கவனிப்பு கேட்கும். அதன் அமீனின் பிகேஏ (பாதி அமீன்கள் மின்னேற்றம் இழக்கும் பிஹெச்) சுமார் 6.5. பிஹெச் 5.5இல் நன்றாகக் கட்டும், ரத்தத்தின் 7.4இல் மின்னேற்றம் குறைந்து துகள் ஒட்டிக்கொள்ளும் அல்லது சரக்கை முன்னமே கொட்டிவிடும். எப்போதும் நேர்மின்னேற்றம் தாங்கும் டிரைமெத்தில் கைட்டோசானாக மாற்றுவதும், நீரை விரும்பும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) இழை ஒட்டுவதும் இதற்காகத்தான். துகள் செய்ய, 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கைட்டோசான் கரைசலைக் கலக்கியபடி, எஸ்ஐஆர்என்ஏ கலந்த டிரைபாலிபாஸ்பேட்டை (கைட்டோசான் இழைகளைப் பிணைக்கும் எதிர்மின் உப்பை) சொட்டுச் சொட்டாக விடுங்கள். எடையில் கைட்டோசான் 5 பங்குக்கு டிரைபாலிபாஸ்பேட் 1 பங்கு என்று தொடங்கலாம். லேசான நீலப் பால்நிறம் வந்தால் சரி; வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தால் டிரைபாலிபாஸ்பேட் கூடிவிட்டது. கடலோரக் காற்றில் கைட்டோசான் பொடி ஈரம் குடித்துக் கனக்கும். உலர்த்தாமல் நிறுத்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் பிசகும்.

கரையில் கிடைத்த ஓட்டை அப்படியே நம்பாதீர்கள். அமிலத்தில் நுரை அடங்கும்வரை சுண்ணாம்பை எடுத்து, காரத்தில் புரதத்தை நீக்கி, 40 முதல் 50 சத சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் அசெட்டைலைக் கழித்தாலும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு மிஞ்சக்கூடும். அது தானாகவே அழற்சியைத் தூண்டி, எஸ்ஐஆர்என்ஏவின் விளைவுபோலக் காட்டும். மண்டபத்தில் மூங்கில் தெப்பத்தில் வளரும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற பாலிமரும் நினைவுக்கு வரும். ஆனால் ஆர்என்ஏவைப் போலவே அதுவும் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால் ஆர்என்ஏவைக் கட்டாது. வெளிப்பூச்சுக்கு வேண்டுமானால் ஆகும்.

பிஎல்ஜிஏ வேறு வகை. கட்டுவதில்லை, அடைத்து வைக்கிறது. இரட்டைப் பால்மம் (நீர்த்துளியைப் பாலிமர் கரைசலில் அடைத்து, அதை மீண்டும் நீரில் கலக்குவது) செய்யும்போது எஸ்ஐஆர்என்ஏ வெளி நீருக்கு நழுவிவிடும். உள் நீரில் நேர்மின்னேற்றம் கொண்ட ஸ்பெர்மிடின் சேர்த்தால் கூடுதலாகத் தங்கும். புற்றுக்கட்டிக்குள்ளேயே ஊசியால் வைத்து வாரக்கணக்கில் மெல்ல விட வேண்டும் என்றால் இதையே எடுப்பேன்.

பாலிமரால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு: சைக்ளோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரை வளையம்) கொண்ட பாலிமரில் ஏற்றிய எஸ்ஐஆர்என்ஏ மனிதக் கட்டியில் வேலை செய்ததை 2010இல் காட்டினார்கள். ஆனால் 2018இல் முதலில் அங்கீகாரம் பெற்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்து பாலிமரில் அல்ல, லிப்பிடில் (கொழுப்புத் துகளில்) ஏறி கல்லீரலுக்குப் போனது, புற்றுக்கு அல்ல.

மூன்றில் எதை எடுத்தாலும், எழுத்து வரிசை குலைத்த, குறி வைத்த மரபணுவை அடக்காத எஸ்ஐஆர்என்ஏவை அதே பாலிமரில், அதே அளவில் ஏற்றி இணையாக ஓட்டுங்கள். 48 மணி நேரத்தில் அந்தத் தட்டிலும் செல்கள் செத்திருந்தால் மரபணு அடங்கியதால் செத்தன என்று சொல்ல முடியாது, பாலிமரே கொன்றிருக்கலாம்.